கரியப்பனுக்கு ஓர் ஆஸ்டின்

இடது கை தகட்டை மர உருளையின்மேல் அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை சின்ன மரச்சுத்தியால் அதைத் தட்டிக்கொண்டிருந்தது. ஓங்கித் தட்டவில்லை, சுண்ணாம்பு டப்பியின் மூடியைத் தட்டுகிற அளவுதான். ஒவ்வொரு தட்டுக்கும் தகடு மயிரிழை மயிரிழையாக வளைந்து கொடுத்தது. அவ்வப்போது சுத்தி நிற்கும். கட்டைவிரல் வளைவின்மேல் மெல்ல ஓடி, எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தடவிப் பார்க்கும். நகம் முழுக்கக் கறுத்து, ஓரத்தை நவச்சாரம் அரித்துவிட்ட விரல் அது. கண்ணுக்குத் தெரியாதது அதற்குத் தெரியும்.

பிஸ்கட் டின்னின் மூடியிலிருந்து வெட்டிய தகடு. உட்புறம் வெள்ளி போல மின்னியது. வெளிப்புறத்தில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியின் தொப்பியில் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. வளைவு திருப்தியாக வந்ததும் கைகள் அதை எடுத்துக் கீழே விரித்திருந்த சாக்கின்மேல் வைத்தன. அங்கே ஏற்கெனவே மூன்று மட்கார்டுகள், நான்கு கதவுகள், உள்ளங்கையில் அடங்கும் ஒரு பானெட், மோதிரம் போல ஒரு ஸ்டியரிங் எல்லாம் தனித்தனியாகக் கிடந்தன. ஒன்றோடொன்று இன்னும் சேரவில்லை.

ஆஞ்சப்பனின் வழக்கம் அது. எல்லா உறுப்புகளும் செய்து முடித்த பிறகுதான் பற்றவைப்பை ஆரம்பிப்பான். ஒன்று பாக்கி இருந்தாலும் சேர்க்க மாட்டான்.

ஓசூரில், கிருஷ்ணகிரி ரோட்டோரம் இருந்த லாரி ஒர்க்ஷாப்பில் அவனுக்கு டிங்கர் வேலை. நசுங்கியதை நிமிர்த்துவது. பத்துப் பன்னிரண்டு வருஷமாக அதையே செய்து அவன் பார்வை ஒரு மாதிரி ஆகிவிட்டிருந்தது. நசுங்கிய கதவைக் கொண்டுவந்து எதிரே வைத்தால் நசுங்கல் அவன் கண்ணில் படாது. நசுங்குவதற்கு முன்னால் இருந்த கதவுதான் தெரியும். அதைப் பார்த்துத்தான் அடிப்பான்.

சின்னக் கார் செய்கிற பைத்தியம் பிடித்தது ஒரு வெள்ளைக்காரரால். கிருஷ்ணகிரிப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த அணையைப் பார்க்கப் போனவர் அவர். வழியில் அவருடைய வண்டி ஒரு மாட்டுவண்டியில் உரசிவிட்டது. அரை நாளில் ஆஞ்சப்பன் அதைச் சரிசெய்து கொடுத்தான். உரசிய இடத்தை அவரால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. சந்தோஷத்தில் பின்சீட்டிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே பழங்காலத்துத் திறந்த கார் ஒன்று துண்டு துண்டாக இருந்தது. பிளாஸ்டிக் குச்சிகளில் காய் காய்த்த மாதிரி சக்கரம், விளக்கு, சீட்டு. கூட ஒரு படத்தாள். அதிலிருந்த இங்கிலீஷ் அவனுக்குத் தெரியாது. படத்தைப் பார்த்தே சேர்த்தான். சேர்த்து முடித்த அன்று, காரைவிட அது வந்த விதம்தான் அவன் மனதில் நின்றது. ஒரு காரை முதலில் முழுக்கப் பிரித்துவிட வேண்டும். ஒவ்வொன்றையும் அதனதன் அளவில் செய்ய வேண்டும். அளவு சரியாக இருந்தால் சேரும்போது தானாகச் சேரும். சேரவில்லை என்றால் எங்கோ ஓர் அளவு பொய்.

அதற்குப் பிறகு அவனே தகரத்தில் செய்ய ஆரம்பித்தான். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு. ஒரு பித்தளைப் பட்டையில் அங்குலத்தைப் பன்னிரண்டு கோடுகளாக அரத்தால் கீறி வைத்திருந்தான். பெரிய வண்டியில் ஓர் அங்குலம் என்றால் பட்டையில் ஒரு கோடு. ரிப்பேருக்கு வந்த மாரிஸ், ஹில்மன், ஒரு பழைய ஃபோர்டு எல்லாம் இப்படி அவன் வீட்டுச் சுவர்ப் பலகையில் வந்து நின்றன. ஞாயிற்றுக்கிழமையும், வேலை முடிந்து விளக்கு வைக்கும் வரையும், வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில்தான் இருப்பான்.

“ஊர்ல இருக்கறவன் காரை வாங்கறான். எங்க வூட்டுக்காரர் காரைச் சுருக்கறாரு” என்பாள் முனிலட்சுமி. கட்டிக்கொண்டவளுக்குச் சொல்லிக்காட்ட ஒன்று வேண்டுமே.

இப்போது சாக்கில் கிடந்தது ஓர் ஆஸ்டின். பத்தொன்பது இருபது வருஷத்துப் பழைய வண்டி. நாராயணப்பன் வீட்டுக் கார். நாராயணப்பன் ராயக்கோட்டை ரோட்டில் பெரிய நிலக்காரர். ஒர்க்ஷாப் நிற்கிற இடமும் அவருடையதுதான். அந்த வண்டியின் அசல், ஒர்க்ஷாப்பின் பின்பக்கத்தில் புங்க மரத்தடியில் நின்றது. இடது முன்பக்கம் முழுக்க உள்ளே போயிருந்தது. ஜூஜுவாடிக்கு இந்தப் பக்கம் ஒரு புளிய மரத்தில் மோதியது. அன்றைக்கு வண்டியில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நாராயணப்பனின் மகன் சென்னப்பன். அவனுக்குத் தோள்பட்டை இறங்கியதோடு சரி. இன்னொருவன் டிரைவர் கரியப்பன். அவன் அங்கேயே செத்துப்போனான். ஆட்கள் ஓடி வந்து பார்த்தபோது இரண்டு பேருமே வெளியே புல்லில் கிடந்தார்கள்.

நம் பக்கத்தில் மதுவிலக்கு. மைசூர் எல்லையைத் தாண்டினால் அத்திபெலெயில் சாராயக்கடை இருந்தது. “டிரைவர் குடிச்சிட்டு ஓட்டினான், எவ்வளவோ சொன்னேன், கேக்கல” என்றான் சென்னப்பன். அதுவே கதையாகிவிட்டது. அவனை பெங்களூரில் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வண்டியை யாரும் வாங்கவும் வரவில்லை, சரிசெய்யவும் சொல்லவில்லை.

ஒர்க்ஷாப் ஆட்கள் அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டார்கள். காரணம் கைகாட்டி. திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து நீட்டிக் காட்டும் சின்னச் சிவப்புக் கை, அந்த வண்டியின் இடப்பக்கத்தில் எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆஞ்சப்பன் அதை உள்ளே தள்ளிவிட்டு வருவான். மறுநாள் பார்த்தால் மறுபடியும் நீட்டிக்கொண்டிருக்கும். பேட்டரியைக் கழற்றி ரொம்ப நாளாயிற்று. கரண்டு இல்லாவிட்டால் அந்தக் கை தன் கனத்திலேயே உள்ளே விழ வேண்டும்.

“துரு பிடிச்சிருக்குது, வேறொண்ணுமில்ல” என்றான் ஆஞ்சப்பன்.

“துருவுக்கு இடது பக்கம்தான் போகணும்னு யாருண்ணா சொன்னது?” என்றான் வெல்டிங் வேலை செய்கிறவன். யாரும் சிரிக்கவில்லை.

*

கரியப்பனின் தாய் மாரம்மா ஒருநாள் மத்தியானம் ஒர்க்ஷாப்புக்கே வந்துவிட்டாள். கூடவே கல் தச்சன் திம்மப்பன். மாரம்மா வீட்டில் பேசுவது தெலுங்கு. வெளியில் தமிழ். அழுகை வந்தால் எது வரும் என்று அவளுக்கே தெரியாது.

“ஆஞ்சப்பா, நீ தகரத்துல கார் பண்றியாமே. அச்சு அசலா இருக்குதாமே.”

“சும்மா பொழுதுக்குப் பண்றதும்மா.”

“எம் மவனுக்கு ஒண்ணு பண்ணிக் குடு.”

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. திம்மப்பன்தான் விளக்கினான். அவர்கள் ஊர் ஏரிக்கரையில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. மாட்டை மீட்கப் போய்ச் செத்தவன் பக்கத்தில் மாடு இருக்கும். புலியோடு சண்டை போட்டவன் பக்கத்தில் புலி இருக்கும். குதிரையோடு விழுந்தவனுக்குக் குதிரை. செத்தவன் எதோடு செத்தானோ அதைக் கல்லில் காட்ட வேண்டும். அப்படியென்றால் கரியப்பனுக்குக் கார்.

“குதிரைன்னா கண்ண மூடிக்கினு செதுக்குவேன் ஆஞ்சப்பா. கார எங்க பாத்தேன்? எதுர்ல வந்தா ஓரமா ஓடிப் போயிடறேன். முழுசாப் பாத்ததெல்லாம் அதோட முதுகுதான். அதக் கல்லுல அடிச்சா பொட்டி மாதிரி இருக்கும். நீ ஒண்ணு பண்ணிக் குடு, எதுக்க வெச்சுக்கினு அடிக்கறேன். உள்ள அவனையும் உக்கார வெச்சுக் குடு. ஆள் இல்லாத கல்லு கல்லே இல்ல.”

“ஏரிக்கரையில வெக்கப் போறீங்களா?”

திம்மப்பன் வேறு பக்கம் பார்த்தான். மாரம்மாதான் பதில் சொன்னாள்.

“அங்க வெக்கக் கூடாதாம். குடிச்சிட்டு மரத்துல மோதினவனுக்கு எதுக்குக் கல்லுன்னு கேக்கறாங்க. எங் கொல்லையில வெக்கறேன், எவன் தடுக்கறான் பாக்கறேன்.” பிறகு குரல் இறங்கியது. “அவன் வர்றான் ஆஞ்சப்பா. பொழுது சாயறப்ப, மாட்டைப் புடிச்சுக் கட்டறேன் பாரு, அப்ப ஆரன் கேக்குது. வாசல் வரைக்கும் வண்டி வந்து நிக்குது. ஓடிப் போய்ப் பாத்தா ரோடு வெறிச்சுன்னு கெடக்குது. தெனமும் வர்றவன் ஏன் எறங்க மாட்டேன்றான்? பெத்தவளுக்கு மூஞ்சியக் காட்ட ஏன் வெக்கம்? தப்புப் பண்ணவன்தானே எறங்க மாட்டான்?”

“அப்படியெல்லாம் இல்லம்மா.”

“எனக்கும் தெரியல. குடிக்கிற புள்ள இல்ல அவன். ஊரே சொல்லுதே. நா கொடுகு...” என்று ஆரம்பித்தவள், என் மகன் என்ற அந்த வார்த்தைக்கு மேல் போகவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

ஆஞ்சப்பனால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. மாரம்மாவுக்காக மட்டும் இல்லை. கரியப்பனை அவனுக்கு நன்றாகத் தெரியும். வண்டிக்குக் கிரீஸ் வைக்க வரும்போதெல்லாம், ஒட்டடைக்குச்சி மாதிரி உயரமாக வந்து நின்று, “பொம்மைக்காரரே, எங்க ஆஸ்டினை எப்பதான் சுருக்கப் போறீங்க?” என்று கேட்பான். “உன்னய முதல்ல சுருக்கணும்டா, அப்பதான் வண்டிக்குள்ள அடங்குவே” என்பான் ஆஞ்சப்பன். கேட்டுக் கேட்டே போய்விட்டான். செய்து கொடுத்திருக்கவில்லை.

*

வேலை முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகு, வெளிச்சம் இருக்கும்வரை, புங்க மரத்தடியில் உட்கார்ந்து அளவெடுத்தான். நூல் பிடித்து, அடிக்கோலை வைத்து, அளவுகளைக் கரித்துண்டால் தகட்டின்மேலேயே எழுதிக்கொண்டான். வெளிப்பக்கம் கஷ்டமில்லை. வலது பக்கத்தை அளந்து, அதையே திருப்பி இடது பக்கத்துக்கு வைத்துக்கொண்டான். நசுங்கலை அவன் பார்க்கவே இல்லை. பழக்கம் அப்படி.

உள்பக்கம்தான் ஒரு மாதிரி இருந்தது. கதவைத் திறந்ததும் அடைபட்டிருந்த வாசனை முகத்தில் அடித்தது. ரெக்ஸின், பெட்ரோல், எப்போதோ வாடிப்போன கதம்பம். ஸ்டியரிங் எத்தனை அகலம், தரையிலிருந்து சீட்டு எத்தனை உயரம், சீட்டின் முதுகுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே எத்தனை என்று ஒவ்வொன்றாக எடுத்தான். கையை உள்ளே விட்டு அளந்தானே தவிர உட்காரவில்லை. செத்தவன் உட்கார்ந்த இடம் என்று ஒரு தயக்கம்.

ஒருநாள் அளந்து முடித்து வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தபோது, பின்னால் ‘கடக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. வெயிலில் காய்ந்த தகடு குளிர்ந்தால் இப்படிச் சத்தம் வரும். அவனுக்குத் தெரியாததா. ஆனாலும் அந்தச் சத்தத்தை எங்கோ கேட்டிருக்கிறோம் என்று தோன்றியது. எங்கே என்று வரவில்லை. திரும்பிப் பார்த்தான். கைகாட்டி நீட்டிக்கொண்டிருந்தது.

ஆளின் அளவுக்கு மாரம்மா வீட்டுக்குப் போனான். செத்தவனை எப்படி அளப்பது? மாரம்மா அவனை நிலைப்படியண்டை கூட்டிப்போய் மேலே காட்டினாள். வாசல் நிலையின் மேல்கட்டையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒன்று வட்டமாகப் படிந்து கறுத்திருந்தது.

“எத்தன தரம் சொன்னாலும் குனிய மாட்டான். நெத்தி வந்து இங்கதான் இடிக்கும். தொடைக்கலாம்னு துணிய எடுப்பேன், கை வராது.”

வாசற்படியிலிருந்து அந்தப் பிசுக்கு வரைக்கும் ஆஞ்சப்பன் நூலைப் பிடித்தான். பிறகு மாரம்மா மடித்து வைத்திருந்த காக்கிப் பேண்ட்டைக் கொண்டுவந்தாள். இடுப்பிலிருந்து முழங்கால் மடிப்பு, மடிப்பிலிருந்து கணுக்கால். துணியில் மடிப்பு இன்னும் இருந்தது.

பாலை மரத்தில் ஆளைச் செதுக்கினான். இடுப்பிலும் முழங்காலிலும் கம்பி கோத்தான். உட்கார வைத்தால் மடங்கும். காக்கிச் சட்டைக்குச் சாயம் பூசினான். முகத்துக்கு ஒன்றும் செய்யவில்லை. அது கல்லில் திம்மப்பனுடைய வேலை.

*

சாக்கில் எல்லாம் நிறைந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்பை மூட்டிப் பற்றவைக்க ஆரம்பித்தான். தரை, சீட்டுகள், ஸ்டியரிங், கதவுகள், பானெட் என்று அளவெல்லாம் பொய் சொல்லாமல் ஒன்றோடொன்று வந்து சேர்ந்தன. கூரையை மட்டும் விட்டுவைத்தான். ஆளை உட்கார வைத்துவிட்டு அதை மூட வேண்டும்.

பொம்மையை எடுத்து, முழங்காலை மடக்கி, டிரைவர் சீட்டில் இறக்கினான். இறங்கவில்லை. முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. முழங்காலை நீட்டி இறக்கினால் நெஞ்சு இடித்தது. திருப்பினான், சாய்த்தான். ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே அவன் அடங்கவே இல்லை. இரண்டு விரலால் அழுத்தியபோது பொம்மை நழுவிக் கதவு வழியாக வெளியே, சாக்கின்மேல், குப்புற விழுந்தது.

ஆஞ்சப்பன் அதை எடுத்து நிமிர்த்தினான்.

“உக்காருடா” என்றான் வாய்விட்டு. “உனக்குத்தானே பண்ணேன். உக்காருடா கரியப்பா.”

மறுபடி வைத்தான். மறுபடி வெளியே தள்ளியது.

வாசலில் நின்றிருந்த முனிலட்சுமி, “யார்கிட்ட பேசறீங்க?” என்றாள். அவன் பித்தளைப் பட்டையை எடுத்துப் பொம்மையை அளந்தான். சரி. சீட்டை அளந்தான். கரித்துண்டால் எழுதின எண் சரி. இரண்டும் சரியென்றால் மூன்றாவதாக எங்கோ ஒரு பொய் இருக்கிறது. மேல்சட்டையை மாட்டிக்கொண்டு ஒர்க்ஷாப்புக்கு நடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை. யாரும் இல்லை. புங்கஞ்சருகு வண்டியின் கூரைமேல் கொட்டிக் கிடந்தது. வலப்பக்கக் கதவைத் திறந்து, இந்தத் தடவை, உள்ளே உட்காரப் போனான். ஆஞ்சப்பன் நடுத்தர உயரந்தான். அவனுக்கே முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டியது. நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையே ஒரு கைதான் போகும். சீட்டு தண்டவாளத்தில் ஒரேயடியாக முன்னால் இழுத்து வைக்கப்பட்டிருந்தது.

மோதலில் நகர்ந்திருக்குமோ? குனிந்து பார்த்தான். பூட்டுக் கொக்கி கடைசிப் பல்லில் நேராக, அசங்காமல் இறங்கியிருந்தது. இடித்து நகர்ந்திருந்தால் பல் தேய்ந்திருக்கும். பக்கத்து சீட்டைப் பார்த்தான். அது ஒரேயடியாகப் பின்னால் தள்ளியிருந்தது. வண்டியை இங்கே இழுத்து வந்தபோது யாராவது உட்கார்ந்து மாற்றியிருப்பார்களோ? இல்லை. மாடு பூட்டி இழுத்த அன்று வெளியே நடந்துகொண்டே, ஜன்னலில் கைவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்து வந்தது அவனேதான்.

நிமிர்ந்தான். எதிரே பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி இருந்தது. அதில் ரோடு தெரியவில்லை. பின்சீட்டு மட்டும் தெரிந்தது, காலியாக. வெகுநேரம் அதைப் பார்த்தான். பிறகு மெல்ல உடம்பைச் சுருக்கி, தோளை இறக்கி, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டான். கண்ணாடியில் பின்சீட்டு நழுவி, பின் ஜன்னல் வந்தது. அதற்கப்பால் புங்க மரம், வேலி, கிருஷ்ணகிரி ரோடு எல்லாம் வரிசையாக வந்தன. அந்தக் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டவன் தலை இந்த உயரத்தில் இருந்திருக்கிறது. ஆஞ்சப்பனின் கழுத்து உயரத்தில்.

நாராயணப்பனின் மகன் சென்னப்பனை ஒர்க்ஷாப்பில் முதுகுக்குப் பின்னால் ‘கால்படி’ என்பார்கள். அத்தனை குட்டை.

அப்போதுதான் அந்தச் சத்தம் எங்கே கேட்டது என்பது ஞாபகம் வந்தது. கரியப்பன் எப்போது வண்டிக்குள் ஏறினாலும் முதல் காரியமாகச் சீட்டைப் பின்னால் தள்ளுவான். ‘கடக்’ என்று கடைசிப் பல்லில் விழும். அதன் பிறகுதான் சாவியைத் தொடுவான். அன்றைக்கு அவன் தள்ளியது இந்தச் சீட்டை இல்லை, பக்கத்து சீட்டை. இறங்கிச் சுற்றி வந்து, வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தான். இடது பக்கம் உள்ளே போயிருந்தது. இத்தனை நாள் அளவெடுத்தும் கண்ணில் படாத நசுங்கல் இப்போது கண்ணை விட்டு நகரவில்லை. டிரைவர் பக்கத்து முன்கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

இடது பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்த கைகாட்டியை அவன் அன்றைக்கு உள்ளே தள்ளவில்லை.

*

வீட்டுக்கு வந்ததும் முனிலட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கொட்டகையின் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“ஒர்க்ஷாப்பு யார் நெலத்துல நிக்குது, தெரியுமில்ல?”

“தெரியும்.”

“சீட்டைக் கொஞ்சம் பின்னால தள்ளிப் பத்த வெச்சா அவன் உக்காந்துக்குவான். திம்மப்பனுக்குத் தெரியப் போவுதா? கல்லுக்குத் தெரியப் போவுதா?”

“எனக்குத் தெரியுமே.”

“உங்களுக்குத் தெரிஞ்சு என்னா பண்ணப் போறீங்க? வேலை போனா இந்தப் பொம்மைங்களா சோறு போடும்?”

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பற்றவைக்கும் கோலை அடுப்பில் வைத்தான். கோல் பழுத்தது. அதைச் சீட்டின் அடிக்குக் கொண்டுபோனான். ஐந்து கோடு பின்னால் தள்ளினால் போதும். ஈயம் இளகுவதற்கு முன்னால் கையை எடுத்துவிட்டான். ஏன் என்று யாராவது கேட்டிருந்தால், அளவைப் பொய்யாக்க மனம் வரவில்லை என்றுதான் சொல்லியிருப்பான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. மாரம்மா வாசலில் ஒரு வண்டி தினமும் வந்து நிற்கிறது. செய்யாத தப்பின் சுமையோடு நிற்கிறது. அதை இன்னொரு தடவை, தன் கையாலேயே, ஈயம் ஊற்றி ஒட்டிக் கொடுக்க வேண்டுமா?

பொம்மையை எடுத்து, இடது பக்கக் கதவு வழியாக, பக்கத்து சீட்டில் இறக்கினான். விரல் அழுத்த வேண்டியிருக்கவில்லை. முழங்கால் மடங்கியது, முதுகு சாய்ந்தது. ஆள் அடங்கினான். உயரமான மனுஷன் ஒருவன் அலுப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

முனிலட்சுமி ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். “ஏங்க, கூரையப் போட்டு மூடுங்க சீக்கிரம்” என்றாள் மெல்ல. ஆனால் மறுநாள் காலையில் அவன் காரைத் துணியில் சுற்றியபோது, அவளே ஒரு நல்ல வெள்ளைத் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

*

மாரம்மாவின் கொல்லையில், ரோட்டோரமாகக் கேழ்வரகுத் தாள் அறுத்த இடத்தில், திம்மப்பன் கல்லைப் படுக்கவைத்து மட்டம் பார்த்து முடித்திருந்தான். பனி இன்னும் முழுக்க விலகவில்லை. ஆஞ்சப்பன் துண்டைப் பிரித்து காரைக் கல்லின்மேல் வைத்தான்.

திம்மப்பன் குந்தி உட்கார்ந்து ஒருமுறை சுற்றிப் பார்த்தான். “அடப்பாவி, கதவு தெறக்குது பாரு!” என்று ஒரு விரலால் திறந்து மூடினான். பிறகு அவன் முகம் மாறியது. “ஏம்ப்பா, ஆளை எடம் மாத்தி வெச்சிட்டியே. ஓட்டற சக்கரம் இந்தப் பக்கமில்ல இருக்குது?”

மாரம்மா கிட்டே வந்தாள்.

“மாத்தி வெக்கல” என்றான் ஆஞ்சப்பன். “வண்டி அளவும் சரி. கரியப்பன் அளவும் சரி, உங்க நெலைப்படியில எடுத்தது. ஓட்டற சீட்டுல அவன் உக்காரவே முடியாதும்மா. அத அன்னைக்கு முன்னால இழுத்துப் போட்டிருந்தது. குட்டையான ஆளுக்கு.”

திம்மப்பன் எழுந்து நின்றான்.

“எம் மவன் ஓட்டல?” என்றாள் மாரம்மா.

“ஓட்டல.”

“அப்ப ஓட்டினது?”

“அன்னைக்கு வண்டியில ரெண்டு பேர்தானேம்மா.”

அவள் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. காரின் ஜன்னலுக்குள் சுண்டுவிரலை விட்டு, முகம் இல்லாத அந்தச் சின்னத் தலையைத் தொட்டாள். தொட்டுக்கொண்டே கேட்டாள்.

“இத ஏரிக்கரையில, நாலு பேர் முன்னால வந்து சொல்லுவியா ஆஞ்சப்பா?”

முனிலட்சுமி கேட்ட கேள்வி அவன் காதில் ஒருமுறை வந்து போனது. ஒர்க்ஷாப், புங்க மரம், நாராயணப்பன்.

“சொல்றேன். வண்டி அங்கதான் நிக்குது. நம்பாதவங்க வந்து உக்காந்து பாக்கட்டும்.”

திம்மப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டான். “யக்கா, கல்லுல ஒரு பக்கந்தான் அடிக்க முடியும். ரெண்டு பக்கமும் வராது. எந்தப் பக்கத்தைப் போடட்டும்?”

மாரம்மா காரை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். வலது பக்கம் காலி சீட்டும் ஸ்டியரிங்கும் தெரிந்தன. இடது பக்கம் ஜன்னலில் அவன் இருந்தான்.

“இவன் தெரியற பக்கம் போடு” என்றாள். “ரோட்டுல போறவன் கேக்கட்டும், ஓட்டினவன் எங்கன்னு.”

அவள் முந்தானையை விரித்து இரண்டு கைகளையும் நீட்டினாள். ஆஞ்சப்பன் கல்லின்மேலிருந்து காரை எடுத்து, இடது பக்கம் அவளைப் பார்க்கும்படி திருப்பி, அந்தக் கைகளில் வைத்தான்.